போனைக் கணினியில் செருகினால் எல்லாம் வந்துவிடுமா?

போனைக் கேபிளால் கணினியோடு இணைத்து, திரையில் தெரியும் ஃபோல்டர்களை எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்குக்கு நகலெடுத்துவிட்டால் பேக்கப் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். படங்கள் வந்திருக்கும், வீடியோக்கள் வந்திருக்கும், டவுன்லோடு ஃபோல்டரில் கிடந்த பிடிஎஃப்களும் வந்திருக்கும். பிறகு ஒருநாள் போன் தண்ணீரில் விழும், அல்லது திருடுபோகும், அல்லது எந்தக் காரணமும் இல்லாமல் ஆன் ஆக மறுக்கும். புதுப் போனில் அந்த நகலை ஏற்றும்போதுதான் உண்மை தெரியும். குறிப்பெழுதும் செயலியில் பல ஆண்டுகளாகச் சேர்த்தது இல்லை. உரையாடல்கள் இல்லை. இரண்டடுக்குப் பாதுகாப்புக்காக ஆறிலக்க எண் தரும் செயலி வெறுமையாகத் திறக்கிறது, அதனால் மின்னஞ்சலுக்குள்ளேயே நுழைய முடியவில்லை.

இதை அலட்சியம் என்று சொல்ல மாட்டேன். கண்ணில் பட்டதை எல்லாம் போனின் உரிமையாளர் எடுத்தார். கேபிள் காட்டாத ஒரு பகுதி போனுக்குள் இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. கோப்புகள் ஒரு பக்கம், செயலிகளுக்குள் இருக்கும் தரவு மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டை யார் போட்டார்கள், அது எப்போது எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தெரிந்துகொண்டால் பேக்கப் பற்றிய குழப்பத்தில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

கேபிள் வழியே என்ன தெரிகிறது?

ஆண்ட்ராய்டின் தொடக்கக் காலத்தில் போனைச் செருகினால் அதன் மெமரி கார்டு முழுவதையும் கணினி தன் கைக்குள் எடுத்துக்கொள்ளும். யுஎஸ்பி மாஸ் ஸ்டோரேஜ் என்ற அந்த முறையில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. ஒரே சேமிப்பகத்தில் இரண்டு இயங்குதளங்கள் ஒரே நேரத்தில் எழுதினால் கோப்பு அமைப்பு சிதைந்துவிடும். ஆகவே கணினி அதைப் பயன்படுத்தும் வரை போன் ஒதுங்கி நிற்க வேண்டும். கார்டில் நிறுவிய செயலிகள் அந்த நேரத்தில் திறக்கா, கேமரா படம் சேமிக்காது.

2011இல் ஆண்ட்ராய்டு 3.0 இதை மாற்றியது. அப்போது வந்த எம்டிபி என்ற முறைதான் இன்றும் இருக்கிறது. டிஜிட்டல் கேமராக்கள் கணினிக்குப் படம் அனுப்பப் பயன்படுத்திய பழைய நெறிமுறையை விரித்து மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது அது. இதில் சேமிப்பகம் கணினியின் கைக்குப் போவதில்லை. கணினி கேட்கும், போன் பட்டியலைத் தரும். கணினி ஒரு கோப்பைக் கேட்கும், போன் அனுப்பும். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவெடுக்கும் இடம் அன்றிலிருந்து போன்தான். இந்தக் கட்டுரையில் பின்னால் வருவதற்கெல்லாம் வேர் இங்கே இருக்கிறது.

எம்டிபியின் சில்லறைத் தொல்லைகளுக்கும் இதுவே காரணம். சில போன்களில், இப்போதுதான் ஒரு செயலி உருவாக்கிய கோப்பு கணினியில் தெரியாமல் இருக்கலாம், ஏனென்றால் போன் தன் மீடியா பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்கிறது, அந்தப் பட்டியல் இன்னும் புதுப்பிக்கப்படவில்லை. போனை ஒருமுறை அணைத்து ஆன் செய்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தால் வேகம் படுத்துவிடும், சில வேளை நடுவில் அறுந்தும் போகும். மேக் கணினிகளுக்கு எம்டிபி தெரியவே தெரியாது. அதற்காக கூகுள் கொடுத்துவந்த ஆண்ட்ராய்டு ஃபைல் டிரான்ஸ்ஃபர் என்ற மென்பொருளும் 2024இல் விலக்கப்பட்டது. இப்போது ஓப்பன்எம்டிபி போன்ற கட்டற்ற மென்பொருள்களை நாட வேண்டியிருக்கிறது.

கேபிளில் படங்களை எடுப்பவர்களுக்கு நான் வலியுறுத்திச் சொல்வது ஒன்று உண்டு. 'கட்' செய்து 'பேஸ்ட்' செய்யாதீர்கள். நடுவில் கேபிள் அசைந்தால் எந்தக் கோப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாத நிலை வரும். நகலெடுங்கள். இரு பக்கமும் எத்தனை கோப்புகள், மொத்த அளவு எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். சில படங்களையாவது கணினியில் திறந்து பாருங்கள். அதன் பிறகு போனில் அழிக்கலாம். இன்னொன்று, நகலெடுக்கும்போது கோப்பின் தேதி மாறிவிடக்கூடும். கேமரா எடுத்த படத்துக்குள் எடுத்த நாள் தனியாகப் பதிந்திருப்பதால் பாதிப்பில்லை. வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் அந்தத் தகவல் நீக்கப்பட்டிருக்கும், நாள் கோப்பின் பெயரில் மட்டுமே இருக்கும். அவற்றின் பெயரை மாற்றினால் அந்தப் படம் எந்த ஆண்டைச் சேர்ந்தது என்ற ஒரே சான்றும் போய்விடும்.

ஐபோனில் நிலைமை வேறு. விண்டோஸ் கணினியில் செருகினால் படங்களும் வீடியோக்களும் இருக்கும் ஃபோல்டர்கள் மட்டுமே தெரியும். போனிலுள்ள கோப்புகளைப் பார்ப்பதற்கென்று ஃபைல்ஸ் என்ற செயலியே ஐபோனுக்கு 2017இல், ஐஓஎஸ் 11 பதிப்போடுதான் வந்தது. அதே பதிப்பிலிருந்துதான் படங்கள் ஹெச்இஐசி என்ற புதுக் கோப்பு வடிவத்தில் சேமிக்கப்படத் தொடங்கின. கணினிக்கு அனுப்பும்போது அவற்றைப் பழகிய ஜேபெக் வடிவமாக மாற்றி அனுப்பும் ஏற்பாடும் உடன் வந்தது. அந்த மாற்றம் பாதியில் தடுமாறி நகலெடுப்பு நின்றுபோவது பலருக்கும் நேர்ந்திருக்கும். படங்களுக்கான அமைப்புகளில் 'மூலப் படத்தை அப்படியே வை' என்ற பொருள்தரும் தேர்வை எடுத்தால் மாற்றாமல் அனுப்பும், பெரும்பாலும் தடங்கலும் வராது.

பூட்டிய அறைகள்

போனை ஒரு வீடாக நினைத்துக்கொண்டால், நடுவே பொதுக்கூடம், சுற்றிலும் பூட்டிய அறைகள். கேமராப் படங்கள், டவுன்லோடுகள், பாட்டுகள் எல்லாம் கூடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியும் நிறுவப்படும்போது, ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸில் தனி ஒரு பயனராகவே பதிவாகிறது. ஒரு பயனரின் கோப்பை இன்னொரு பயனர் திறக்க லினக்ஸின் கருப்பகுதியே விடாது. உங்கள் வங்கிச் செயலியின் தரவை, விளையாட்டு என்ற பெயரில் வந்த ஒரு திருட்டுச் செயலி படிக்க முடியாமல் இருப்பது இதனால்தான். அந்தப் பூட்டு கேபிளுக்கும் பொருந்தும். எம்டிபி வழியே கூடத்தைப் பார்க்கலாம், அறைக்குள் பார்க்க முடியாது.

கூடமும் வரவரச் சுருங்கியது. முன்பு ஒரு செயலிக்கு அனுமதி கொடுத்தால் கூடம் முழுவதும் சுற்றி வரும். 2019இல் ஆண்ட்ராய்டு 10 அறிமுகப்படுத்தி, அடுத்த ஆண்டு 11ஆம் பதிப்பு கண்டிப்பாக்கிய விதிகளின்படி, செயலிகள் தங்களுக்கு உரியதையும் நீங்கள் கைகாட்டியதையும் மட்டுமே தொட முடியும். அதையொட்டித்தான் வாட்ஸ்அப்பின் ஃபோல்டர் வெளியில் தெரிந்த பழைய இடத்தை விட்டு, ஆண்ட்ராய்டு என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் மீடியா ஃபோல்டருக்கு இடம்பெயர்ந்தது. பழைய குறிப்புகளைப் பார்த்துத் தேடுபவர்கள் அதைக் காணாமல் திகைப்பது இதனால்.

இந்தப் பூட்டுகள் தேவையா என்றால், தேவை என்றே சொல்வேன். ஒருவரின் வாழ்க்கை முழுவதும் அடங்கியிருக்கும் கருவியில் ஒவ்வொரு செயலியும் மற்றதை எட்டிப் பார்க்கலாம் என்று இருந்த காலத்துக்குத் திரும்ப யாரும் விரும்ப மாட்டார்கள். என் மனக்குறை வேறு. பூட்டைப் போட்டவர்கள், வீட்டின் உரிமையாளருக்கு ஒரு சாவியைத் தந்துவிட்டுப் போயிருக்கலாம். அதைச் செய்யவில்லை. உங்கள் தரவுதான், உங்கள் போன்தான், ஆனாலும் அதை வெளியே எடுக்கும் வழியைச் செயலியை எழுதியவரும் இயங்குதளத்தை நடத்துபவரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள்.

ஆண்ட்ராய்டில் ஒரு சாவி இருக்கத்தான் செய்தது. 2011இல் வந்த 4.0 பதிப்பில், கணினியிலிருந்து ஏடிபி என்ற நிரலாளர்க் கருவி மூலம் ஒரே கட்டளையில் செயலிகளையும் அவற்றின் தரவையும் கணினிக்கே எடுத்துக்கொள்ள முடிந்தது. கிளவுட் இல்லை, கணக்கு இல்லை, நேராக உங்கள் வட்டுக்கு. ஆனால் செயலியை எழுதியவர் 'என் தரவை எடுக்கக் கூடாது' என்று ஒரு வரி எழுதிவிட்டால் அது விட்டுவிடும். 2021இல் ஆண்ட்ராய்டு 12 வந்தபோது, அந்தப் பதிப்புக்காக எழுதப்பட்ட செயலிகளின் தரவு இந்த வழியில் வராது என்று ஆக்கிவிட்டார்கள். இணையத்தில் இன்றும் அந்தக் கட்டளையைப் பரிந்துரைக்கும் குறிப்புகள் இருக்கின்றன. அதை ஓட்டினால் ஒரு கோப்பு உருவாகும், பேக்கப் எடுத்தாயிற்று என்ற நிம்மதியும் வரும். உள்ளே அநேகமாக ஒன்றும் இருக்காது. நிம்மதி தரும் வெற்றுக் கோப்பைவிட, எடுக்க முடியவில்லை என்று சொல்லும் பிழைச் செய்தி எவ்வளவோ மேல்.

இப்போது ஆண்ட்ராய்டில் பொதுவாக இருக்கும் வழி, 2015இல் 6.0 பதிப்போடு வந்த தானியங்கி பேக்கப். போன் சும்மா இருக்கும் நேரத்தில், வைஃபை கிடைக்கும்போது, கடந்த முறைக்குப் பிறகு ஒரு நாளாவது ஆகியிருந்தால், செயலிகளின் தரவு உங்கள் கூகுள் கணக்குக்குப் போகும். ஒரு செயலிக்கு 25 எம்பிதான் வரம்பு. அதைத் தாண்டினால் அந்தச் செயலியின் பேக்கப் நடக்காது, அந்தத் தகவலும் செயலிக்குத்தான் போகும். கடைசியாக எடுத்த ஒரு நகல் மட்டுமே வைக்கப்படும். செயலியை எழுதியவர் இதிலிருந்தும் விலகிக்கொள்ளலாம். ஆகவே புதுப் போனில் உங்கள் செயலிகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்பதைப் பார்த்து நம்பிவிடக் கூடாது. செயலிகள் கடையிலிருந்து இறங்கியிருக்கின்றன. உள்ளே இருந்தது வந்ததா என்பதை ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

இந்த நகல்களுக்கு ஆயுளும் உண்டு. ஆண்ட்ராய்டு போனை 57 நாள் பயன்படுத்தாமல் வைத்தால் கூகுளில் இருக்கும் அதன் பேக்கப் அழிக்கப்படலாம். ஆப்பிளின் கிளவுட் சேமிப்பகமான ஐகிளவுடில், பேக்கப்பை நிறுத்திய பிறகு 180 நாள் வரை வைத்திருப்பார்கள். உடைந்த போனை மேசை அறையில் போட்டுவிட்டு, பொறுமையாகப் பிறகு மீட்டுக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் இந்த எண்களைக் கவனிக்க வேண்டும்.

ஐபோன் இந்த ஒரு விஷயத்தில் மேலானது. மேக்கில் ஃபைண்டர் வழியாகவோ விண்டோஸில் ஐட்யூன்ஸ் அல்லது ஆப்பிள் டிவைசஸ் வழியாகவோ போன் முழுவதற்குமான ஒரு பேக்கப்பை உங்கள் கணினியிலேயே எடுக்கலாம். அங்கேயும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கடவுச்சொல் போட்டுக் குறியாக்கம் செய்த பேக்கப்பில்தான் சேமித்த பாஸ்வேர்டுகளும் உடல்நலத் தரவும் வைஃபை அமைப்புகளும் இருக்கும். கடவுச்சொல் இல்லாத பேக்கப்பில் அவை இருக்கா. பூட்டாமல் வைத்தால் எளிதாக எடுக்கலாமே என்று நினைத்து அந்தப் பெட்டியில் டிக் போடாமல் விடுபவர்கள், மதிப்புள்ளதை விட்டுவிட்டு மற்றதை எடுக்கிறார்கள். டிக் போடுங்கள், அந்தக் கடவுச்சொல்லை எழுதி வையுங்கள். மறந்தால் அந்த நகலைத் திறக்க ஆப்பிளாலும் முடியாது.

அந்தப் பேக்கப்பிலும் செயலிகள் இருப்பதில்லை, அவற்றின் தரவு மட்டுமே. முன்பு செயலிகளையே கணினியில் வைத்துக்கொள்ள ஐட்யூன்ஸில் இடம் இருந்தது. 2017 செப்டம்பரில் வந்த 12.7 பதிப்பில் அந்த வசதி போயிற்று. ஆண்ட்ராய்டில் செயலியின் நிறுவல் கோப்பான ஏபிகேயை எடுத்து வைத்தால் போதும் என்பதும் பழைய கதை. 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோரில் புதிதாகச் சேரும் செயலிகள், ஒவ்வொரு போனுக்கும் ஏற்பத் துண்டு துண்டாகப் பிரித்துத் தரப்படும் வடிவத்தில்தான் வருகின்றன. முதன்மைத் துண்டை மட்டும் நகலெடுத்தால் வேறு போனில் அது ஓடாது. கடையிலிருந்து ஒரு செயலி நீக்கப்பட்டுவிட்டால், அதன் தரவு உங்களிடம் இருந்தும் திறக்க ஆளில்லாமல் கிடக்கும். ஆகவே ஒரு செயலியில் நிறைய எழுதிச் சேர்க்கத் தொடங்கும் முன், 'எக்ஸ்போர்ட்' என்ற ஒன்று அதில் இருக்கிறதா, அது எந்த வடிவத்தில் தருகிறது என்று பார்க்க வேண்டும். சாதாரண உரைக் கோப்பாகவோ, சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பாகவோ தந்தால் அது உங்களுடையது. அந்தச் செயலி மட்டுமே படிக்கும் வடிவம் என்றால், அந்த நிறுவனம் இருக்கும் வரைதான்.

உரையாடல்களும் ஆறிலக்க எண்களும்

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தினமும் அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு நகலைப் போனிலேயே எடுத்து வைக்கிறது. கடைசி ஏழு நாள் நகல்கள் வரை அங்கே இருக்கும். அந்த ஃபோல்டரைக் கேபிளில் கணினிக்கு எடுக்க முடியும், எடுத்து வைப்பதும் நல்லது. ஆனால் அந்தக் கோப்புகள் குறியாக்கம் செய்யப்பட்டவை, சாவி பூட்டிய அறைக்குள் இருக்கிறது. கணினியில் திறந்து படிக்க முடியாது. புதுப் போனில் அதே ஃபோல்டரை அதே இடத்தில் வைத்து, அதே எண்ணைக் கொண்டு வாட்ஸ்அப்பைப் பதிவுசெய்தால்தான் மீளும். எண் கைவிட்டுப் போனால் நகல் இருந்தும் பயனில்லை.

கிளவுடுக்குப் போகும் நகலுக்கு 2021 முதல் முழுக் குறியாக்க வசதி இருக்கிறது. ஒரு பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாம், அல்லது 64 இலக்கச் சாவியை எடுத்து வைத்துக்கொள்ளலாம். இதைப் போடாவிட்டால் உங்கள் உரையாடல்களின் நகலை அந்தக் கிளவுட் நிறுவனத்தால் படிக்க முடியும் நிலை, போட்டுவிட்டுச் சாவியைத் தொலைத்தால் உங்களாலேயே படிக்க முடியாத நிலை. நான் போடவே சொல்வேன், சாவியைத் தாளில் எழுதிய பிறகு.

ஆறிலக்க எண் தரும் செயலிதான் மிகவும் வதைப்பது. அது ஒரு சின்ன ரகசிய எழுத்துச் சரத்தையும் நேரத்தையும் வைத்துக் கணக்கிட்டு எண் தருகிறது. அந்தச் சரம் போனோடு போனால் எண்ணும் போய்விடும். கூகுளின் ஆத்தென்டிகேட்டர் 2023 ஏப்ரலில்தான் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதியைச் சேர்த்தது. அதற்கு முன் போன் தொலைந்தவர்கள் ஒவ்வொரு தளமாக ஏறி இறங்க வேண்டியிருந்தது. இரண்டடுக்குப் பாதுகாப்பை இயக்கும்போது பல தளங்கள் ஒருமுறை மட்டும் காட்டும் மீட்புக் குறியீடுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைப்பதால் என்ன பயன்? அச்செடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

வங்கிச் செயலிகளும் கட்டணச் செயலிகளும் எந்தப் பேக்கப்பிலும் முழுதாக வாரா. அவற்றின் சாவிகள் போனிலுள்ள தனிப் பாதுகாப்புப் பகுதியில் உருவாகி, அங்கேயே இருக்கின்றன. நகலெடுக்கவே முடியாதபடி வடிவமைக்கப்பட்டவை. புதுப் போனில் புதிதாகப் பதிவுசெய்வதுதான் வழி. இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு

கூகுள் போட்டோஸோ ஐகிளவுடோ இயங்குகிறது, அதனால் கவலையில்லை என்பவர்களிடம் நான் கேட்பது: போனில் அந்தப் படச் செயலியில் ஒரு படத்தை அழித்தால் அங்கே என்ன ஆகும்? அங்கேயும் அழியும். எல்லாக் கருவிகளிலும் ஒரே நிலையை வைத்திருப்பதுதான் ஒத்திசைவின் வேலை. நீங்கள் தவறுதலாக அழித்ததையும், ஒரு குழந்தை விளையாட்டாக அழித்ததையும், கணக்கைத் திருடியவர் வேண்டுமென்றே அழித்ததையும் அது ஒரே சிரத்தையோடு எல்லா இடங்களுக்கும் கொண்டுபோகும். குப்பைத் தொட்டியில் கூகுள் போட்டோஸ் 60 நாள் வரை வைத்திருக்கும், கூகுள் டிரைவ் 30 நாள், ஐகிளவுட் படங்களும் பொதுவாக 30 நாள். அதற்குள் உங்கள் கண்ணில் பட்டால் பிழைத்தது. பேக்கப் என்பது நேற்று எப்படி இருந்தது என்பதை, இன்று நீங்கள் என்ன செய்தாலும் மாறாமல் வைத்திருப்பது.

இதில் ஒளிந்திருக்கும் இன்னொரு ஆபத்தைப் பலர் கவனிப்பதில்லை. போனில் இடம் மிச்சப்படுத்தும் வசதியை இயக்கியிருந்தால், ஐபோனில் இருப்பது சிறிய பிரதி மட்டுமே, முழு அளவுப் படம் ஐகிளவுடில் இருக்கிறது. அந்தப் போனைக் கேபிளில் கணினிக்கு நகலெடுத்தால் எல்லாப் படங்களும் முழுதாக வரா. கணினியிலும் இதே கதைதான். மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேமிப்பகமான ஒன்டிரைவ் 2017 முதல் கோப்பின் பெயரை மட்டும் கணினியில் காட்டி, திறக்கும்போது இறக்கித் தரும் முறையை வைத்திருக்கிறது. வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுக்கும் மென்பொருள், இறக்கப்படாத அந்தக் கோப்பைத் தாண்டிப் போயிருக்கலாம். மேகம் போன்ற அடையாளம் போட்டிருக்கும் கோப்புகளை 'எப்போதும் இந்தக் கணினியில் வை' என்று மாற்றிவிட்டுத்தான் பேக்கப் எடுக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களிடம் இருந்தால் தொலையாது என்ற எண்ணத்துக்கும் வரலாறு இடம் தரவில்லை. மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் 2003 முதல் 2015 வரை மக்கள் ஏற்றியிருந்த பாடல்கள், சர்வர் மாற்றும்போது போய்விட்டன என்பது 2019இல் வெளியே தெரிந்தது. வேறெங்கும் பிரதி வைக்காத இசைக்குழுக்களுக்கு அதுதான் முடிவு. 2023 நவம்பரில் கணினிக்கான கூகுள் டிரைவ் மென்பொருளின் ஒரு பதிப்பில் வந்த பழுதால் சிலரின் கோப்புகள் காணாமல் போயின. மீட்பதற்குத் தனிக் கருவியை கூகுள் வெளியிட வேண்டியிருந்தது. இவற்றைச் சொல்வது கிளவுடைத் தவிர்க்கச் சொல்வதற்காக அல்ல. வீடு தீப்பிடித்தால் கைகொடுப்பது அதுதான். அது ஒரே பிரதியாக இருக்கக் கூடாது, அவ்வளவே.

புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 என்ற கணக்கு இங்கே பொருந்தும். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், ஒன்று வேறிடத்தில். சாதாரணக் குடும்பத்துக்கு இதைப் பெயர்த்தால், போனில் ஒன்று, கணினியோடு எப்போதாவது மட்டும் இணைக்கும் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. எப்போதாவது மட்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். எந்நேரமும் செருகியே இருக்கும் டிஸ்கைக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸும் கணினியோடு சேர்த்தே பூட்டிவிடும்.

நடுவில் இருக்கும் கணினியில் மேக்கின் டைம் மெஷின், விண்டோஸின் ஃபைல் ஹிஸ்டரி போன்ற பேக்கப் கருவிகள் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் என்பதால், போனிலிருந்து கோப்புகளைக் கணினியில் கொண்டுவந்து சேர்ப்பதில் பெரிய நன்மை உண்டு. கேபிள் பிடிக்காதவர்களுக்கு, ஒரே வைஃபைக்குள் கோப்பு அனுப்பும் லோக்கல்சென்ட், கேடிஇ கனெக்ட் போன்றவை இருக்கின்றன. ஃபோல்டரையே தொடர்ந்து ஒத்திசைக்க சிங்க்திங் இருக்கிறது. அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டுச் செயலி 2024 முடிவில் நின்றுபோனாலும் அதிலிருந்து கிளைத்த வேறு செயலிகள் தொடர்கின்றன. சிங்க்திங்கும் ஒத்திசைவுதான், ஆகவே அழிப்பதும் கூடவே பயணிக்கும். கணினிப் பக்கத்தில் பழைய பதிப்புகளை வைத்துக்கொள்ளும் அமைப்பை இயக்கிவிட்டே பயன்படுத்துங்கள்.

மீட்டுப் பார்த்தீர்களா?

2017 ஜனவரி 31 அன்று நிரலாளர்கள் தங்கள் நிரல்களை வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஒரு பொறியாளர், களைத்துப்போன இரவு நேரத்தில், தவறான சர்வரில் தரவுத்தளத்தின் ஃபோல்டரை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மிஞ்சிய நிலையில்தான் நிறுத்த முடிந்தது. பேக்கப் இருக்கிறதே என்று தேடினார்கள். தினசரி பேக்கப் வைக்கும் இடம் காலியாக இருந்தது. பேக்கப் எடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒத்துப்போகாததால் அது தோற்றுக்கொண்டே வந்திருக்கிறது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாரையும் சென்றடையவில்லை. ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தும் எதுவும் கைகொடுக்கவில்லை. வேறொரு சோதனைக்காக அதே பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த நிறுவனம் நடந்த அத்தனையையும் மறைக்காமல் எழுதி வெளியிட்டது, அதற்காக அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இத்தனை பேர் வேலை செய்யும் இடத்திலேயே பேக்கப் மௌனமாகத் தோற்கும் என்றால், நம் போனில் 'கடைசி பேக்கப்: நேற்று' என்று காட்டும் ஒற்றை வரியை எப்படி நம்புவது? மீட்டுப் பார்ப்பதுதான் சோதனை. பழைய போன் ஒன்று வீட்டில் இருந்தால், அதிலுள்ளதை எல்லாம் அழித்துவிட்டு உங்கள் பேக்கப்பை அதில் ஏற்றிப் பாருங்கள். வாட்ஸ்அப்பை அதில் பதிவுசெய்ய வேண்டாம், இப்போதைய போனிலிருந்து வெளியேறிவிடும். மற்ற செயலிகளைத் திறந்து எது வந்தது, எது வரவில்லை என்று பாருங்கள். கணக்கிலுள்ளதை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் வழியே படங்களை எடுத்தவர்கள், விவரக் குறிப்புகளும் திருத்திய தேதி, இடத் தகவல்களும் படத்துக்குள் இல்லாமல் பக்கத்திலுள்ள ஜேசன் என்ற உரைக் கோப்புகளில் இருப்பதை இந்தச் சோதனையில்தான் கண்டுபிடிப்பார்கள். ஜிப்பைப் பிரிக்காமலே மூலையில் வைத்திருந்தால் தெரிந்திருக்காது.

போன் உடைவதற்கு முன் செய்ய வேண்டியவை, உடைந்த பிறகு செய்ய முடியாதவை. திரை போய்விட்டால் பூட்டைத் திறக்க முடியாது. திறக்காத போன் கேபிளில் எதையும் காட்டாது. ஐபோன் ஒரு புதுக் கணினியை நம்ப வேண்டுமென்றால் திரையில் கடவு எண் அடிக்க வேண்டும், ஆகவே போன் நன்றாக இருக்கும்போதே உங்கள் கணினியை நம்பவைத்து ஒரு பேக்கப்பும் எடுத்துவிடுங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் ஒரு சிறு இணைப்பானைச் செருகி மவுஸைப் பொருத்தினால், தொடுதிரை வேலை செய்யாவிட்டாலும் பேட்டர்னைப் போட முடியும், காட்சி மட்டும் தெரிய வேண்டும். உள்ளிருக்கும் மின்சுற்றுப் போர்டே செத்துவிட்டால், சிப்பைக் கழற்றிப் படிக்கலாம் என்ற பேச்சுக்கு இப்போது இடமில்லை. ஆண்ட்ராய்டு 10ஓடு வெளிவந்த போன்களிலிருந்து ஒவ்வொரு கோப்பும் தனித்தனியே குறியாக்கம் செய்யப்பட்டே எழுதப்படுகிறது, சாவி அந்தப் போனின் மையச் சிப்போடு பிணைந்திருக்கிறது.

மெமரி கார்டு இருக்கும் போன்களில், கார்டைப் போனின் உள்சேமிப்பாகவே வடிவமைத்திருந்தால் அதுவும் குறியாக்கத்துக்குள் போய்விடும், வேறெந்தக் கருவியிலும் திறக்காது. சாதாரணக் கார்டாக வைத்திருந்தால் திறக்கும்.

கடைசியாக, உங்களுக்குப் பிறகு யார் திறப்பார்கள் என்ற கேள்வி. பேச விரும்பாத விஷயம்தான், ஆனால் குழந்தைப் பருவப் படங்கள் முழுவதும் ஒருவருடைய கணக்கில் மட்டும் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். கூகுளில் 2013 முதலே, கணக்கு நீண்ட நாள் செயல்படாமல் இருந்தால் நீங்கள் குறிப்பிட்ட நபருக்குத் தகவல் சொல்லி, நீங்கள் அனுமதித்த தரவை இறக்கிக்கொள்ளத் தரும் ஏற்பாடு இருக்கிறது. ஆப்பிளில் 2021 டிசம்பரில் வந்த ஐஓஎஸ் 15.2 முதல் மரபுத் தொடர்பாளர் என்று ஒருவரை நியமிக்கலாம். அவருக்கு ஓர் அணுகு சாவி தரப்படும், அதோடு இறப்புச் சான்றிதழையும் காட்டினால் படங்களும் பேக்கப்பும் கிடைக்கும், சேமித்த பாஸ்வேர்டுகள் போன்றவை கிடைக்கா. இரண்டையும் அமைக்கச் சில நிமிடங்களே ஆகும். அந்த அணுகு சாவியையும், வாட்ஸ்அப்பின் 64 இலக்கத்தையும், ஐபோன் பேக்கப்பின் கடவுச்சொல்லையும், மீட்புக் குறியீடுகளையும் ஒரே உறையில் போட்டு, வீட்டு ஆவணங்களோடு வைத்து, அது எங்கே இருக்கிறது என்று இன்னொருவரிடம் சொல்லி வையுங்கள்.